மலைச் சரிவுக்குச் செல்லும் பணம்: வாசகர் கேள்வி பதில்

கல்வராயன் மலையில் உள்ள ஊர்கள் தங்கள் விளைநிலத்தையும் ஓடைகளையும் தாங்களே காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சிகளுக்கு, சமவெளியில் இருக்கும் நாம் நிதி தர வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் மணிமுத்தாற்றில் ஆண்டில் பாதி நாளுக்கு மேல் மணல்தான் தெரிகிறது. மழைக்காலம் வந்தாலோ கரையை அறுத்துக்கொண்டு செந்நிறத் தண்ணீர் ஓடுகிறது. ஆற்றைத் தூர்வாருங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்கள் மலைக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறீர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்து மலைக்கு விருத்தாசலத்துக்காரன் ஏன் பணம் தர வேண்டும்?
(விருத்தாசலம் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் ஆற்றில் ஓடும் அந்தச் செந்நிறம் கல்வராயன் மலையின் மேல்மண். மணிமுத்தாறும் கோமுகியும் அந்த மலையில்தான் பிறக்கின்றன. மலையடிவாரத்தில் இரண்டிற்கும் அணைகள் உள்ளன. அவற்றைக் கடந்து வந்து சேர்ந்து உங்கள் ஊர் வழியாக ஓடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. உங்கள் ஊரையும் அந்த மலையையும் மாவட்ட எல்லை 1993இல் கோடு போட்டுப் பிரித்தது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது.

மலையில் நடப்பதைச் சற்றுச் சொல்கிறேன். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று பெருமளவு மரவள்ளி நிற்கிறது. சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்வதால், கையில் மொத்தமாகப் பணம் வரும் பயிர் அது ஒன்றுதான் என்ற நிலை. நட்ட முதல் மூன்று மாதங்களுக்கு மரவள்ளியின் இலை தரையை மூடுவதில்லை. பருவமழையின் முதல் அடி நேராக வெறும் மண்ணின் மேல் விழுகிறது. பிறகு கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு முழுவதும் மீண்டும் கிளறப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை இப்படித் திறந்து கிடக்கும் நிலத்திலிருந்து மண் கீழே வராமல் எங்கே போகும்? மண் போன இடத்தில் மழை இறங்குவதற்கு இடமில்லை. இறங்காத மழை ஒரே நாளில் ஓடிவிடுவதால்தான், மாசியில் உங்கள் ஆற்றில் ஊற்றுக்கூட இல்லாமல் போகிறது.

சண்டிகர் நகரத்தார் இதை 1970களில் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டார்கள். நகரத்திற்கென்று 1958இல் உருவாக்கிய சுக்னா ஏரி வண்டல் சேர்ந்து தூர்ந்துகொண்டே வந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிச் சென்ற மண்வள ஆய்வாளர் பி. ஆர். மிஸ்ரா, சிவாலிக் குன்றுகளில் இருந்த சுகோமஜ்ரி என்ற சிற்றூரைக் கண்டார். அங்கே மேய்ச்சலால் மொட்டையாகிப் போன சரிவுகள்தான் ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தன. மேய்க்காதே என்று வேலி போட்டிருந்தால் ஊர் பகையாகியிருக்கும். அதற்கு மாறாக ஊருக்கு மேலே சிறிய மண் அணைகள் கட்டப்பட்டன. அந்தத் தண்ணீரில் நிலமில்லாத குடும்பம் உட்பட ஒவ்வொரு வீட்டுக்கும் சமப் பங்கு என்று ஊரே விதி செய்தது. பங்கு வேண்டுமானால் சரிவில் மாட்டை விடக் கூடாது என்பதும் அந்த விதியின் பகுதி. சரிவில் புல் முளைத்தது, ஊருக்கு இரண்டாம் போகம் கிடைத்தது, ஏரிக்கு வரும் வண்டலும் வெகுவாகக் குறைந்தது. தூர்வாருவதற்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கே அங்கே செலவானது. இமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூர் நகராட்சியும், தன் குடிநீர் ஊற்றுக்கு மேலே உள்ள காட்டைக் காக்கும் சிற்றூர்க் குழுவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதென்று 2010இல் ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் பட்ட பாட்டைக் கடலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மழையை, மண்ணை நிறுத்தச் சரிவின் குறுக்கே கல் அடுக்கிப் போடும் எந்தக் கல்வரப்பும் தடுத்து நிறுத்தாது. ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையைத்தான் மலைச் சரிவு தாங்கிக்கொள்ளும். உங்கள் ஆற்றை நிரப்புவதும் தூர்ப்பதும் அந்தச் சாதாரண மழைதான். தூர்வாருவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே மண்ணை நிறுத்தாமல் கீழே அள்ளிக்கொண்டிருந்தால், அள்ளும் செலவு ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி: கல்வராயன் மலையைச் சேர்ந்த நான் கடலூரில் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் ஊரில் அறுபது வீடுகள். மரவள்ளியைக் குறைத்துக்கொண்டு சாமைக்குத் திரும்பவும், சரிவுகளில் கல்வரப்பு போடவும் ஊரில் பேசி வருகிறோம். யாரிடம், எப்படிப் பணம் கேட்பது? என் அப்பாவிடம் வன உரிமைப் பட்டா இருக்கிறது. அதை வைத்துக் கடன் தர முடியாது என்று வங்கியில் சொல்கிறார்கள்.
(ஒரு மாணவி, கடலூர்)

பதில்: உங்கள் கடிதம்தான் இந்த இதழின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளப் போகிறது, அதற்குத் தகுதியான கடிதம்.

பணம் கேட்பதற்கு முன் ஊரார் சேர்ந்து சரிவில் நடக்க வேண்டும். உச்சியில் தொடங்கி அடிவாரம் வரை இறங்குங்கள். கல்வரப்பு வேலை எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் செல்ல வேண்டும். கீழே தடுப்பணை கட்டிவிட்டு மேலே வெறும் சரிவை விட்டுவைத்தால், இரண்டு மழைக்காலங்களில் அணை மண்ணால் நிறைந்துவிடும். நடக்கும்போது ஊர்க்கவுண்டர் மட்டும் இல்லாமல், விறகுக்கும் தண்ணீருக்கும் அன்றாடம் அந்த வழியில் போகும் பெண்களும் உடன் வர வேண்டும். எந்த ஓடையில் பங்குனி வரை ஊற்று இருந்தது, எந்த ஆண்டு நின்றது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்பவர் கிடையாது.

கல்வரப்பு சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்ல வேண்டும். அந்தச் சமமட்டம் குறிக்கப் பொறியாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான இரண்டு கழிகளை உச்சியில் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு பூட்டினால் ‘ஏ’ எழுத்து வடிவில் ஒரு சட்டம் கிடைக்கும். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது நூல் குறுக்குக் கம்பை எங்கே தொடுகிறதோ, அங்கே கத்தியால் ஒரு வெட்டு. பிறகு சரிவில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் அந்த வெட்டுக்கு வரும் இடத்தில் ஒரு முளை அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு தானாக விழும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயாலும் இதையே செய்யலாம். மலை ஊர்ப் பெண்கள் ஒரு காலைப்பொழுதில் இதைக் கற்றுக்கொண்டு, மதியத்துக்குள் ஒரு சரிவு முழுவதும் முளை அடித்து முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கோணலாகக் கல் அடுக்கியபோது நிறுத்திக் கேட்டவர்களும் அவர்களே. கோட்டைத் தானே குறித்தவர் வரப்பைத் தன்னுடையதென்று எண்ணுகிறார். நிதி தருவோர் முதலில் வாங்க வேண்டியது இந்த உரிமை உணர்வைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி பணத்திற்கு வருவோம். பெரிய தொகை அரசின் நீர்வடிப்பகுதித் திட்டத்தில் உள்ளது. மழைநீர் வடிந்து ஒரே ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பைத்தான் நீர்வடிப்பகுதி என்கிறார்கள். 2021இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாயும், மலை போன்ற கடினமான பகுதிகளில் 28,000 ரூபாயும் செலவு வரம்பாக வைக்கப்பட்டன. நம் மாநிலத்தில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தரும். 500 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு குறுநீர்வடிப்பகுதிக்கு இது 1 கோடியே 40 லட்சம் ரூபாய். ஆனால் பல குறுநீர்வடிப்பகுதிகளைச் சேர்த்தே ஒரு திட்டமாக எடுப்பார்கள் என்பதால், உங்கள் அறுபது வீடுகள் மட்டும் தனியாக விண்ணப்பிக்க இயலாது. அதே ஓடையில் இறங்கும் பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமைக்கும் வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் அனுப்புங்கள். 2008ஆம் ஆண்டின் பொது வழிகாட்டு நெறிமுறைகள், நீர்வடிப்பகுதிக் குழுவைக் கிராம சபையே அமைக்க வேண்டும் என்றும், அதில் பாதிப் பேராவது சுயஉதவிக் குழுக்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் சார்பாளர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. குழுவை யாராவது காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டால், இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள்.

வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று 1999–2000இல் ஏற்படுத்தப்பட்ட நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி. மற்றது 2003–04இல் ஏற்படுத்தப்பட்ட பழங்குடியினர் மேம்பாட்டு நிதி. இரண்டாவதில் ‘வாடி’ என்று குஜராத்தில் தொடங்கிய முறை பின்பற்றப்படுகிறது: குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வரை பழமரங்கள், வரப்பில் விறகுக்கும் வேலிக்கும் ஆகும் மரங்கள், நடுவில் ஊடுபயிர், கூடவே மண், நீர்க் காப்பு வேலைகள். இந்த இரண்டிலும் வங்கிக்கும் ஊருக்கும் இடையில் பொதுவாக ஒரு தொண்டு நிறுவனம் நின்று திட்டத்தை நடத்தும். அந்த நிறுவனத்தை ஊர் தேர்ந்தெடுப்பதற்கும், நிறுவனம் ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் முதல் கூட்டத்திலேயே உணர்வீர்கள். அவர்கள் முன்பு வேலை செய்த ஊருக்கு உங்கள் ஊரிலிருந்து நான்கு பேர் நேரில் போய், திட்டம் முடிந்த பிறகு அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து வந்த பின்னரே சம்மதம் தெரிவியுங்கள். சிறிய அளவில், அறுபது வீட்டு ஊருக்கே பொருந்தக்கூடியது, 1992 முதல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நடக்கும் உலகளாவிய சுற்றுச்சூழல் வசதி (GEF) என்ற பன்னாட்டு நிதியமைப்பின் சிறு மானியத் திட்டம். நெடுங்காலமாக ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் என்பது அதன் உச்ச வரம்பாக இருந்தது.

எந்தக் கதவைத் தட்டினாலும் ஊர்ப் பங்கு கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் 1992இல் தொடங்கிய இந்திய–ஜெர்மன் நீர்வடிப்பகுதித் திட்டத்தில், உடலுழைப்புக் கூலியில் 16 விழுக்காட்டை ஊரார் உழைப்பாகத் தந்தார்கள். அரசுத் திட்டத்தில், 2008ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, தனியார் நிலத்தில் செய்யும் வேலைக்குப் பொதுவாக 10 விழுக்காடும், பழங்குடியினருக்கும் சிறு குறு விவசாயிகளுக்கும் 5 விழுக்காடும் பங்கு. இந்தத் தொகை எங்கோ போய்விடுவதில்லை. திட்டம் முடிந்த பின் வரப்பையும் தடுப்பணையையும் பழுது பார்ப்பதற்கான நிதியாக ஊரின் கணக்கிலேயே நிற்க வேண்டும். எத்தனையோ ஊர்களில் கட்டுமானம் நன்றாக நடந்து, பெயர்ப் பலகையும் வைத்து, மூன்றாம் ஆண்டு மழையில் ஒரு கல் சரிந்தபோது அதை எடுத்து வைக்கக் கூலி இல்லாமல் முழு வரப்பும் போயிருக்கிறது. ஆகவே பராமரிப்பு நிதியை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதாமல் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பங்கைக் கொடுக்க முடியாத கைம்பெண் வீடுகளும் வயதானவர்கள் மட்டும் வாழும் வீடுகளும் உங்கள் ஊரிலும் இருக்கும்; அவர்களுக்காக மற்றவர்கள் உழைத்துத் தருவதென்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்றுண்டு. மரவள்ளியைக் குறைக்கும் ஆண்டில் அந்த வீட்டின் வருமானம் என்ன ஆகும்? மாவோ பலாவோ காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை எதிலிருந்து கட்டுவது என்று ஒரு தகப்பனார் கேட்டால், திட்ட அறிக்கையில் அதற்கு விடை இருக்க வேண்டும். மரவள்ளியை ஒரேயடியாக விடச் சொல்வது அநியாயம். சரிவின் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையில் மரவள்ளியும் அடுத்த பட்டையில் சாமையும் அவரையும் போட்டால், கிழங்கு பிடுங்கும் நாளில் கீழே உள்ள பட்டை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சாமை குறைந்து போனதற்கு இன்னொரு காரணம், அதைக் குத்தி அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்க் குழுக்களிடம் உமி நீக்கும் இயந்திரங்களை ஒப்படைத்துச் செய்த பணி, இந்தச் சுமையைக் குறைக்காமல் சிறுதானியம் திரும்பாது என்பதைத் தெளிவாகக் காட்டியது. ஆகவே கல்வரப்புக்கு எழுதும் அதே விண்ணப்பத்தில் உமி நீக்கும் இயந்திரத்தையும் எழுதுங்கள்.

உங்கள் அப்பாவின் பட்டா பற்றி: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் பயிர் செய்து வாழ்ந்து வருவோருக்குத் தரப்படும் உரிமை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டியது, பிள்ளைகளுக்கு வரும், விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. அதனால் அடமானம் வைக்க முடியாது என்று வங்கி சொல்வது சரி. கடனே இல்லை என்று சொன்னால் அது சரியல்ல. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தையும், ஊரில் எல்லோரும் சொல்லும் ‘லேம்ப்’ சங்கத்தைத்தான் சொல்கிறேன், ஒதுக்கிவிடாதீர்கள். விளைபொருளைச் சேர்ந்து விற்கும் எண்ணம் இருந்தால், சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை மலைப்பகுதியில் 100 பேரைக்கொண்டு தொடங்கலாம் என்று 2020ஆம் ஆண்டின் மத்தியத் திட்டம் இடமளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாக உதவியும், உறுப்பினர் போடும் பங்குப் பணத்துக்கு ஈடாக ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை இணைப் பங்குத் தொகையும் அத்திட்டத்தில் வைக்கப்பட்டன. ஆனால் நிறுவனத்தை முதலில் தொடங்கிவிட்டுப் பொருளைத் தேடாதீர்கள். இரண்டு அறுவடைகளாவது சேர்ந்து விற்றுப் பழகிய பிறகு பதிவு செய்வதே உங்கள் ஊருக்கு நல்லது.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். மலையில் மரக்கன்றுகள் நட விரும்புகிறோம். எத்தனை ஆயிரம் கன்றுகள் நடலாம்?
(லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: உங்கள் மனத்திற்கு வணக்கம். ஆனால் கன்றுகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நட்ட மறுநாள் ஊர் திரும்பிவிடுபவர்களின் கன்றுக்கு, சித்திரையில் தண்ணீர் ஊற்றுபவர் யார், ஆட்டிலிருந்து காப்பவர் யார் என்று தெரியாது. உங்களுக்கு அருகிலேயே ஆரோவில் இருக்கிறது. 1968இல் அங்கே வந்தவர்கள் கண்டது, மழை அறுத்துப் பள்ளங்களாகக் கிடந்த செம்மண் மேடு. சமமட்டத்தில் மண்கரைகள் போட்டு மழைநீரை நிறுத்திக்கொண்டே, பக்கத்தில் குடியிருந்து காத்ததால்தான் அங்கே காடு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2 லட்சத்தை மலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மகளிர் குழுவிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். விதை வங்கி, உமி நீக்கும் இயந்திரம், நாற்றங்கால் என்று ஏதாவது சொல்வார்கள். உங்களுக்குத் தோன்றாத ஒன்றையும் சொல்லலாம். முழுத் தொகையையும் ஒரே தவணையில் கொடுக்காமல் மூன்று ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் வழியாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்கும், ஆனால் பழைய வரிமுறையில் இருப்போருக்கு மட்டுமே. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளின் நண்பர்கள் அங்கத்திய குடிமக்களாக இருந்து பணம் அனுப்ப விரும்பினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே வாங்க இயலும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அந்த நிறுவனமும் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது.

கேள்வி: கொடுக்கிற பணம் மலை ஏறுவதற்குள் பாதி கரைந்துவிடாதா? எப்படி நம்புவது?
(சிதம்பரம் வாசகி)

பதில்: அம்மா, நம்பிக்கையின் மேல் விடாமல் கணக்கின் மேல் விடுவதே நல்லது. ஊர்க் குழுவின் வங்கிக் கணக்கில் ஒரு பெண் உறுப்பினரையும் சேர்த்துக் கூட்டாகக் கையெழுத்திட ஏற்பாடு செய்யலாம். வந்த தொகை, போன தொகை, எத்தனை மீட்டர் வரப்பு, எவ்வளவு கூலி என்பதை ஊர்ச் சாவடிச் சுவரில் சுண்ணாம்பு அடித்துக் கறுப்பில் எழுதச் சொல்லுங்கள். கல் சுமந்த ஒருவர் தன் பெயரைச் சுவரில் தேடிப் பார்த்து, “எனக்கு நாலு நாள் கூலி எழுதியிருக்கு, நான் வந்தது ஆறு நாள்” என்று சொல்லும் இடத்தில் பணம் கரைவது கடினம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் இரண்டிலாவது கணக்கு வாசிக்கப்பட வேண்டும் என்பதை நன்கொடையின் நிபந்தனையாகவே வைக்கலாம். கூட்டத்துக்கு நீங்களும் போகலாம். பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள், அதுவே போதும்.

கேள்வி: மரம் வளர்த்தால், அது இழுத்துக்கொள்ளும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் ‘கார்பன் வரவு’ என்று பணம் தருவதாக ஒருவர் எங்கள் உறவினரின் மலைக் கிராமத்தில் கையெழுத்து வாங்குகிறார். போடலாமா?
(நெய்வேலி வாசகர்)

பதில்: ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தந்து, கிராம சபையில் வாசித்துக் காட்டும் வரை போட வேண்டாம். எத்தனை ஆண்டுக் கட்டுப்பாடு, இடையில் மரம் வெட்டினால் அபராதம் உண்டா, வரவை விற்று வரும் பணத்தில் ஊருக்கு எத்தனை பங்கு, நிலத்தை அளந்து சரிபார்க்கும் செலவு யார் தலையில் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வன உரிமைப் பட்டா நிலமாக இருந்தால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மரம் நடுவது போன்ற வேலைகளுக்கு வரவு தரும் பசுமை வரவு விதிகளை மத்திய அரசு 2023இல் வெளியிட்டது உண்மையே. அதைக் காட்டித் தனியார் ஒருவர் வாங்கும் கையெழுத்துக்கு அரசு பொறுப்பேற்காது.

கேள்வி: கடலூருக்குத் தெற்கே கடற்கரை மணலில் வெட்டிவேர் பயிரிடுகிறேன். மலைச் சரிவில் மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் நல்லது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்னிடம் நாற்று இருக்கிறது. இலவசமாகத் தரவும் ஆயத்தம். மலையில் வருமா?
(ஒரு விவசாயி, கடலூர் மாவட்டம்)

பதில்: நன்றாக வரும். மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேரை வேலியாக நடும் முறையை 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இந்தியாவிலிருந்துதான் பரப்பத் தொடங்கினார்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக மூன்று மீட்டர் வரைகூட இறங்குவதால், பக்கத்துப் பயிரின் உணவைப் பறிக்காது. நிழல் மட்டும் ஆகாது. மரத்தடியில் நட்டால் மெலிந்துவிடும்.

உங்களுக்கும் மலையாருக்கும் இதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, அதை அவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். மணலில் நீங்கள் நடுவது வேரைத் தோண்டி விற்பதற்கு. சரிவில் நட்டதைத் தோண்டினால், தோண்டிய இடத்திலிருந்தே மண் கிளம்பிவிடும். வேருக்கு விலை உண்டு என்று தெரிந்தவுடன் தோண்டும் ஆசை வருவது இயல்பு. எனவே வேர் விற்பதற்கென்று ஓடையோரத்துச் சமதரையில் தனியாக ஒரு பாத்தி ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சரிவில் உள்ள வேலியிலிருந்து தழையை மட்டும் அறுத்து, மூடாக்குக்கும் கூரைக்கும் பயன்படுத்தலாம்.

இலவசமாகத் தர வேண்டாம் என்பது என் கருத்து. முதல் ஆண்டு ஒரு நாற்றங்காலுக்கு வேண்டிய தூர்களை (வேரோடு பிரித்தெடுத்த நாற்றுகளை) மட்டும் நியாயமான விலைக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு முதல் அவர்களே பிரித்துப் பெருக்கிக்கொள்வார்கள். உங்கள் பயணச் செலவையும், இரண்டு நாள் தங்கிக் கற்றுத் தருவதற்கான கூலியையும் திட்டச் செலவில் எழுதச் சொல்லுங்கள். விவசாயி விவசாயிக்குக் கற்றுத் தருவதற்குப் பணம் ஒதுக்காத திட்டங்கள்தான் நம்மிடம் அதிகம்.

கணக்கு இதுதான்: சமமட்டக் கோட்டில் 15 செ.மீ. இடைவெளியில் குத்துக்கு மூன்று தூர் வீதம் வைத்தால், 100 மீட்டர் வேலிக்கு ஏறத்தாழ 2,000 தூர் வேண்டும். தழையை ஒரு சாண் அளவும் வேரை அரைச் சாண் அளவும் விட்டு நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி ஏற்றுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி மலையில் மண் நன்றாக நனைந்துவிட்டது என்று ஊரார் தொலைபேசியில் சொன்ன பிறகே வண்டியை வரச் சொல்லுங்கள். இறக்கிய மூன்று நான்கு நாட்களுக்குள் நட்டு முடிப்பது நல்லது. முதல் ஆண்டில் பட்டுப்போன குத்துகளுக்கு மாற்று வைக்க, நாற்றங்காலில் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக வைத்திருக்கும்படி சொல்லுங்கள். வேலியில் ஒரு முழ இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அந்த வழியைத்தான் தேடிக்கொள்ளும்.